துடுப்பைத் தொட்ட கணக்கு: ஐந்து நாள் மலைப்பயணம்

நாள் 1: சமவெளி

இந்த ஆட்டோமேட்டிக் காரை வாங்கியபோது ஒரு படி உயர்ந்த ரகத்தை நான் தேர்ந்தெடுத்ததற்கு இரண்டு பிளாஸ்டிக் துண்டுகள்தான் காரணம். ஸ்டீயரிங் சக்கரத்தின் பின்னால் இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. இடதில் கழித்தல் குறி, இழுத்தால் கியர் ஒன்று இறங்கும். வலதில் கூட்டல் குறி, இழுத்தால் ஒன்று ஏறும். விற்பனைக் கையேட்டில் இதற்கு பேடில் ஷிஃப்டர் என்று பெயர். எங்கள் வீட்டில் துடுப்பு. வாங்கிப் பதினோரு மாதங்கள் ஆகின்றன. முதல் வாரம் ஆசை தீர இழுத்து விளையாடினேன். அதன் பிறகு, தூசி துடைக்கும்போது மட்டுமே என் விரல் அவற்றின் மீது பட்டிருக்கிறது.

அதனால் இந்தப் பயணத்தில் ஒரு கணக்கு வைத்துக்கொள்வது என்று முடிவு செய்தேன். எத்தனை முறை துடுப்பைத் தொடுகிறேன், எதற்காகத் தொடுகிறேன், தொடாவிட்டால் என்ன குறைந்திருக்கும். ஐந்து நாள் கழித்து, அந்த உயர்ந்த ரகத்துக்கு நான் கொடுத்த பணம் வீணா இல்லையா என்று எனக்கே தெரிந்துவிடும்.

துணைக்கு சித்தப்பா வருகிறார். முப்பத்து நான்கு வருடங்கள் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். ஆட்டோமேட்டிக் காரை இதுவரை தொட்டதில்லை. சட்டைப் பையில் எப்போதும் ஒரு சிறிய நோட்டு இருக்கும். ஓடிய தூரம், போட்ட எரிபொருள் என்று எதையாவது குறித்துக்கொண்டே இருப்பார். துடுப்பைக் காட்டி விளக்கியதும் அவர் கேட்ட முதல் கேள்வி இது:

"தண்ணீர் இறைக்க ஆளை வைத்துவிட்டு, கயிற்றை நீ ஏன் பிடிக்கிறாய்?"

பதில் சொல்லத் தெரியவில்லை. சிரித்துவிட்டுப் புறப்பட்டோம்.

புறப்பட்ட முதல் அரை மணி நேரத்தில் 26 முறை இழுத்தேன். அனைத்தும் விளையாட்டு. கியரைக் காரே மாற்றிக்கொள்ளும் டி நிலையில் ஓடிக்கொண்டிருக்கும்போது துடுப்பைத் தொட்டால், திரையில் டி மறைந்து, கையால் மாற்றும் நிலையைக் குறிக்கும் எம் என்ற எழுத்தும் கியர் எண்ணும் வருகின்றன. சீராகச் சிறிது நேரம் ஓட்டினால் கார் தானாகவே டி நிலைக்குத் திரும்பிவிடுகிறது. கையால் மாற்றுகிறோம் என்ற நினைப்பை நமக்குக் கொடுத்துவிட்டு, சற்று நேரத்தில் சத்தமில்லாமல் பொறுப்பைத் திரும்ப வாங்கிக்கொள்கிறது.

நேரான நெடுஞ்சாலையில் இதற்கு வேலையே இல்லை. என் காரில் எட்டு கியர். மணிக்கு 100 கிலோமீட்டரில் எட்டாவது கியரில் இன்ஜின் நிமிடத்துக்கு 1,800 சுற்றுதான் சுற்றுகிறது. ஏழுக்கு இறக்கினால் சத்தம் கூடுகிறது, எரிபொருள் கூடுதலாகப் போகிறது, வேறொன்றும் இல்லை. முதன்முதலில் பெருவாரியாகத் தயாரிக்கப்பட்ட தானியங்கி கியர்பெட்டியான ஹைட்ராமேட்டிக், 1940ஆம் ஆண்டு மாடல் கார்களில் நான்கு கியர்களுடன் வந்தது. அதற்குப் பிறகு பல பத்தாண்டுகள் மூன்றும் நான்கும்தான் வழக்கம். ஒரு கியருக்கும் அடுத்ததற்கும் நடுவே பெரிய பள்ளம் இருக்கும். கார் எங்கே நிற்பது என்று தெரியாமல் தடுமாறும். ஓட்டுநர் தலையிட நியாயம் இருந்த காலம் அது. இன்று எட்டு, ஒன்பது, பத்து கியர்கள். பத்து கியர் பெட்டியில் ஒவ்வொன்றாக இறக்கப் புகுந்தால் விரல்தான் ஓய்ந்துபோகும். இடது துடுப்பைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால், அந்த வேகத்துக்குத் தாங்கக்கூடிய மிகக் குறைந்த கியருக்கே போய்விடும்படி சில கார்களில் வைத்திருக்கிறார்கள். துடுப்பின் தொல்லையிலிருந்து தப்பிக்கத் துடுப்பிலேயே ஒரு வழி.

பிற்பகலில் இருவழிச் சாலைக்கு வந்தோம். முன்னால் ஒரு லாரி, எதிரே அவ்வப்போது வண்டிகள். வழக்கம்போல் இடைவெளி கிடைத்ததும் ஆக்ஸிலரேட்டரை முழுவதும் மிதித்தேன். கியர்பெட்டி யோசித்தது, எட்டிலிருந்து நான்குக்குத் தாவியது, இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ விழித்துக்கொண்டது, அதற்குப் பிறகுதான் கார் பாய்ந்தது. எல்லாம் சேர்த்து ஒரு நொடி இருக்கலாம். மணிக்கு 80 கிலோமீட்டரில் ஒரு நொடி என்றால் 22 மீட்டர்.

சித்தப்பா வாயே திறக்கவில்லை. லாரியைத் தாண்டி வெகு தூரம் போன பிறகு சொன்னார்.

"நாங்கள் முதலில் கியரைத் தயார் செய்துவிட்டுத்தான் சாலையைப் பார்ப்போம். நீ சாலையைப் பார்த்த பிறகு கியரைத் தேடுகிறாய்."

அடுத்த மூன்று முறை அவர் சொன்னபடி செய்தேன். லாரியின் பின்னால் இருக்கும்போதே இடது துடுப்பை மூன்று முறை தட்டி ஐந்துக்கு இறக்கிவிட்டேன். இன்ஜின் 3,000 சுற்றை நெருங்கி விழிப்போடு காத்திருந்தது. இடைவெளி தெரிந்ததும் காலை லேசாக அழுத்தியதுதான் தாமதம், கார் போய்விட்டது. உறுமல் இல்லை, குலுக்கல் இல்லை. இடைவெளி கிடைக்கத் தாமதமானால் கார் தானாக டி நிலைக்குத் திரும்பி, செய்த ஏற்பாட்டைக் கலைத்துவிடுகிறது என்பது மட்டும் எரிச்சல்.

இன்றைய கணக்கு 35. அதில் 26 விளையாட்டு, 9 உருப்படி.

நாள் 2: ஏற்றம்

காலையிலேயே மலையடிவாரம். இங்கிருந்து உச்சியில் உள்ள விடுதிவரை ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம் ஏற வேண்டும். கொண்டை ஊசி வளைவுகள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன.

மலையேற்றத்தில்தான் துடுப்பு தன் மதிப்பைக் காட்டும் என்று நினைத்திருந்தேன். பாதி உண்மைதான். டி நிலையில் விட்டால், வளைவுக்கு முன் காலை எடுத்ததும் கார் "சரி, ஓய்வு" என்று மூன்றிலிருந்து நான்குக்கு ஏற்றிவிடுகிறது. வளைவு முடிந்து மிதித்தால் மறுபடி மூன்றுக்கு இறங்குகிறது. ஒவ்வொரு வளைவிலும் இதே கதை. துடுப்பால் மூன்றிலேயே பிடித்து வைத்தபோது இந்த ஊசலாட்டம் நின்றது.

ஆனால் ஏழெட்டு வளைவுகளுக்குப் பிறகு ஸ்போர்ட் நிலைக்கு மாற்றிப் பார்த்தேன். அவ்வளவுதான். கார் தானாகவே கியரைப் பிடித்து வைத்துக்கொண்டது. வளைவுக்குள் பிரேக் பிடித்தால் தானே ஒரு கியர் இறக்கியும் கொடுத்தது. துடுப்பால் நான் செய்துகொண்டிருந்த வேலையில் முக்கால் பங்கை ஒரே ஒரு பொத்தான் செய்துவிடுகிறது. என் விரல்களுக்குச் சற்று அவமானமாகக்கூட இருந்தது.

அதைவிடப் பெரிய அவமானம் ஒன்பதாவது வளைவில். என் காரில் துடுப்புகள் ஸ்டீயரிங் சக்கரத்தோடு ஒட்டியிருப்பவை. சக்கரம் சுற்றினால் அவையும் சுற்றும். நேரான சாலையில் இது ஒரு பொருட்டே இல்லை. கொண்டை ஊசி வளைவில் சக்கரத்தை ஒரு சுற்றுக்கு மேல் ஒடித்த பிறகு, எந்தக் கைக்குப் பக்கத்தில் எந்தத் துடுப்பு இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? கழித்தல் என்று நினைத்துக் கூட்டலை இழுத்துவிட்டேன். கியர் ஏறியது, இன்ஜின் முனகியது, கார் திணறியது. பின்னால் வந்தவர் ஹார்ன் அடித்தார். நல்லவேளையாக, சுற்று மிகவும் குறைந்ததும் கியர்பெட்டியே என் உத்தரவை மீறிக் கீழே இறங்கிக் காப்பாற்றியது. இப்படி மூன்று முறை.

துடுப்பை ஸ்டீயரிங் தண்டில் அசையாமல் பொருத்தும் முறையும் இருக்கிறது. ஃபெராரி கார்களிலும், ஆல்ஃபா ரோமியோ ஜூலியாவிலும், மிட்சுபிஷி லான்சர் எவல்யூஷனின் பத்தாவது வடிவத்திலும் அப்படித்தான். சக்கரத்தை எங்கே திருப்பினாலும் இடது இடதாகவே இருக்கும். எது மேல் என்ற சண்டை ஓயாத ஒன்று. வளைவுக்குள் கியர் மாற்றவே கூடாது, அதற்கு முன்பே மாற்றிவிட வேண்டும் என்பவர்கள் சக்கரத்தோடு சுற்றுவதையே விரும்புகிறார்கள். எனக்கு இன்று தண்டுக் கட்சிதான் சரியென்று படுகிறது. விற்பனைக் கூடத்தில் நான் பார்த்தது துடுப்பு இருக்கிறதா இல்லையா என்பதை மட்டுமே. எங்கே பொருத்தியிருக்கிறார்கள் என்று பார்க்கத் தோன்றவே இல்லை.

சித்தப்பா வளைவுகளில் ஒரு கையால் கதவுப் பிடியைப் பற்றிக்கொண்டு, மறுகையால் நோட்டில் எதையோ எழுதினார். என்னவென்று காட்டவில்லை.

இன்றைய கணக்கு 14. தவறாக இழுத்த மூன்றும் இதில் அடக்கம்.

நாள் 3: பனிமூட்டம்

இன்று வண்டியை எடுக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. துடுப்பைத் தொட்ட கணக்கு பூஜ்யம். அதனால் கதை பேசுகிறேன்.

துடுப்பு நம் வீட்டுக் கார்களுக்கு வந்த வழி பந்தயத் திடலிலிருந்து. 1989ஆம் ஆண்டு ஃபார்முலா ஒன் பருவத்துக்கு ஃபெராரி நிறுவனத்துக்காக ஜான் பர்னார்ட் வடிவமைத்த 640 என்ற காரில் அது அறிமுகமானது. வேகமாகக் கியர் மாற்றுவதற்காகத்தான் அவர் இதைச் செய்தார் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அவரை இந்தப் பக்கம் தள்ளிய காரணங்களில் ஒன்று இடம். கியர் கம்பியும் அதிலிருந்து பின்னால் போகும் இணைப்புகளும் ஓட்டுநர் அறைக்குள் இடத்தை அடைத்துக்கொண்டிருந்தன. அவற்றை எடுத்துவிட்டால் காரின் உடலை ஒடுக்கலாம், காற்று தடையின்றி வழுக்கிப்போகும். கைகள் சக்கரத்தை விட்டு அகலாமல் இருப்பது அதனுடன் சேர்ந்து வந்த லாபம்.

சோதனை ஓட்டங்களில் அந்தக் கார் படுத்துக்கொண்டே இருந்தது. பருவத்தின் முதல் பந்தயம் பிரேசிலில். நைஜல் மேன்செல் ஓட்டினார். பந்தயத்தின் நடுவே ஸ்டீயரிங் சக்கரமே தளர்ந்து, உள்ளே நிறுத்தி வேறொன்றை மாட்ட வேண்டியதாயிற்று. அப்படியும் அவர்தான் வென்றார். சில ஆண்டுகளில் மற்ற அணிகளும் கியர் கம்பியைக் கழற்றி எறிந்துவிட்டன. 1997இல் ஃபெராரி எஃப் 355 வழியாகத் துடுப்பு சாலைக்கு வந்தது. 2003இல் ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஆர் 32 காரில் இரட்டை கிளட்ச் கியர்பெட்டி வந்த பிறகு, சாமானியர் வாங்கும் வண்டிகளிலும் மெல்ல நுழைந்தது.

இதில் ஒரு விஷயம் இன்று காலையிலிருந்து மனத்தை அரித்துக்கொண்டிருக்கிறது. பந்தயக்காரருக்குத் துடுப்பு ஒரு கையையும் ஒரு காலையும் விடுவித்தது. அதற்கு முன் அவர் கிளட்சை மிதித்து, கம்பியைத் தள்ளிக்கொண்டிருந்தார். என் காரில் என் கையும் காலும் ஏற்கெனவே சும்மாதானே இருந்தன? விடுவிக்க என்ன இருந்தது?

இன்னொன்று.  என் துடுப்பு வெறும் சுவிட்ச். அது கியரைத் தொடுவதில்லை. கணினிக்கு ஒரு மனு அனுப்புகிறது. இன்ஜின் அதிகம் சுற்றிவிடும் என்று பட்டால் கணினி மனுவைத் தள்ளுபடி செய்கிறது. இன்ஜின் சுற்றின் உச்ச வரம்பான சிவப்புக் கோட்டைத் தொட்டுவிட்டால் நான் கேட்காமலே மேல் கியருக்கு ஏற்றிவிடுகிறது. ஆகவே துடுப்பு நன்றாக இருக்கிறதா என்ற கேள்வியே தவறு. பின்னால் இருக்கும் கியர்பெட்டி மனுவை எவ்வளவு விரைவாக, எவ்வளவு மரியாதையோடு கவனிக்கிறது என்பதே கேள்வி. இரட்டை கிளட்ச் பெட்டியில் அடுத்த கியர் முன்கூட்டியே கோக்கப்பட்டுக் காத்திருக்கும். இழுத்த கணத்தில் மாறும். திரவத்தின் வழியாக விசையைக் கடத்தும் நல்ல டார்க் கன்வெர்ட்டர் பெட்டிகள் இப்போது அதற்குப் பக்கத்தில் வந்துவிட்டன. சோம்பேறிப் பெட்டியின் முன்னால் எவ்வளவு பளபளப்பான உலோகத் துடுப்பை மாட்டினாலும், இழுத்துவிட்டுக் காத்திருக்கத்தான் வேண்டும்.

விடுதி வாசலில் இன்னும் இரண்டு கார்கள் நிற்கின்றன. இரண்டிலும் துடுப்பு உண்டு. இரண்டிலும் மாற்றுவதற்குக் கியரே கிடையாது!

ஒன்று சிவிடி கார். இரண்டு கூம்புக் கப்பிகளுக்கு நடுவே ஓர் எஃகுப் பட்டை. கப்பிகள் விரிந்தும் சுருங்கியும் விகிதத்தை வழுக்கிக்கொண்டே போகச் செய்யும். படிக்கட்டே இல்லாத சாய்தளத்தில் ஏழு கோடுகளை வரைந்து, இவை படிகள் என்று சொல்வதுபோல, கணினி ஏழு இடங்களில் நிறுத்திக் காட்டுகிறது. அதன் உரிமையாளர் குடும்பத்தோடு வந்திருக்கிறார். துடுப்பைப் பற்றிக் கேட்டேன். "அதுவா, அழகுக்கு இருக்கிறது" என்றார்.

இன்னொன்று மின்கார். அதன் இளைஞர் உற்சாகமாகப் பேசினார். அதில் துடுப்பு இழுத்தால், காலை எடுத்ததும் மோட்டார் எவ்வளவு பலமாகப் பிடித்து நிறுத்தி மின்சாரத்தை பேட்டரிக்குத் திருப்ப வேண்டும் என்பதன் அளவு மாறும். சித்தப்பா வெகு நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "இது கியர் இல்லை, ஆனால் நாம் இறக்கத்தில் கியரை வைத்துச் செய்கிற வேலை" என்றார். சரியாகப் பிடித்துவிட்டார். 2023இல் வந்த 'ஹூண்டாய் அயோனிக் 5 என்' என்ற மின்காரில், இல்லாத எட்டு கியர்களை மோட்டாரின் விசையை வெட்டியும் ஒலிபெருக்கியில் உறுமலை ஓட்டியும் நடித்துக் காட்டுகிறார்கள் என்று அந்த இளைஞர் சொன்னபோது, சித்தப்பா எழுந்து உள்ளே போய்விட்டார்.

நாளைக்கு இறங்குவதற்காக அந்த இளைஞர் இரவே நூறு சதவீதம் மின்னேற்றி வைக்கப்போகிறாராம். எனக்கு ஏதோ நெருடியது, என்னவென்று அப்போது தோன்றவில்லை.

நாள் 4: இறக்கம்

நீளமான பதிவு. பொறுத்துக்கொள்ளுங்கள்.

புறப்படும் முன் சித்தப்பா ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்: "எந்த கியரில் ஏறினாயோ அந்த கியரில் இறங்கு." லாரிக்காரர்களின் பழைய வாய்ப்பாடு. ஏறும்போது மூன்றும் இரண்டுமாகத்தான் ஏறினோம். ஆக, இறங்குவதும் அப்படியே.

முதல் இரண்டு கிலோமீட்டர் வேண்டுமென்றே டி நிலையில் விட்டுப் பார்த்தேன். கார் முட்டாள் இல்லை. சரிவை உணர்ந்து, பிரேக்கைத் தொட்டதும் நான்குக்குத் தானாகவே இறங்கிப் பிடித்தது. ஆனால் சாலை சிறிது சமமான இடத்துக்கு வந்ததும் ஆறுக்கு ஏற்றிவிட்டது. ஐம்பது மீட்டர் தள்ளி, பலகை போட்டு எச்சரித்திருந்த செங்குத்தான வளைவு எனக்குத் தெரிந்தது, அதற்குத் தெரியவில்லை. சக்கரத்தின் அடியில் இருக்கும் சாலையைத்தான் அது அறியும். முன்னால் வரப்போகும் சாலையை என் கண்தான் அறியும். வரைபடத்தைப் பார்த்து முன்கூட்டியே கியரைத் தேர்ந்தெடுக்கும் முறையை ரோல்ஸ் ராய்ஸ் 2013இல் ரெய்த் காரில் கொண்டுவந்தது. என் காரில் அப்படி எதுவும் இல்லை.

ஆக, இடது துடுப்பு. மூன்று. சரிவு கடுமையானபோது இரண்டு. இன்ஜின் 4,000 சுற்றில் இரைந்தது. பழக்கமில்லாதவருக்கு அந்தச் சத்தம் வயிற்றைக் கலக்கும். ஏதோ உடையப்போகிறது என்று தோன்றும். ஒன்றும் உடையாது, சிவப்புக் கோடு இன்னும் வெகு தொலைவில் இருக்கிறது. காலை எடுத்துவிட்டு கியரில் இறங்கும்போது இன்ஜினுக்குள் எரிபொருளே போவதில்லை. சக்கரங்கள்தான் இன்ஜினைச் சுற்றுகின்றன. அது காற்றை இழுக்கவும் அமுக்கவும் படும் பாடுதான் காரைப் பிடித்து நிறுத்துகிறது. உடனடி எரிபொருள் செலவைக் காட்டும் திரையில் பூஜ்யம் வந்தது. அதைச் சித்தப்பாவுக்குக் காட்டியபோது மட்டும் அவர் முகத்தில் இந்தக் காரின் மீது முதல் மரியாதை தெரிந்தது.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆட்களும் சுமையும் சேர்த்து 1,500 கிலோ எடையுள்ள கார், 1,500 மீட்டர் இறங்குகிறது. அது இழக்கும் ஆற்றல் சுமார் 2 கோடியே 20 லட்சம் ஜூல். சாதாரண வெப்பத்தில் உள்ள 65 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர அது போதும். காற்றின் தடையும் டயரின் உராய்வும் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். மிச்சமெல்லாம் எங்கே போவது? இன்ஜின் வழியாகப் போகவில்லை என்றால், நான்கு பிரேக்குகளின் வழியாகத்தான் வெப்பமாக வெளியேற வேண்டும்.

அந்த வெப்பம் பிரேக் திரவத்துக்கும் போகும். டாட் 4 என்ற வகைத் திரவம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தர விதி. ஆனால் அது காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல உறிஞ்சும். ஈரம் ஏறிய திரவத்துக்கு அதே விதி கேட்பது 155 டிகிரிதான். கொதித்தால் குழாய்க்குள் ஆவிக்குமிழ்கள். திரவத்தை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். மிதித்தால் மிதி தரைவரை போகும், கார் நிற்காது.

இதையெல்லாம் நான் சித்தப்பாவிடம் விளக்கிக்கொண்டிருந்தபோதே, கருகிய வாடை வந்தது. அடுத்த வளைவின் அகலமான ஓரத்தில் ஒரு கார். முன் சக்கரங்களிலிருந்து மெல்லிய புகை. நேற்றுப் பார்த்த சிவிடி கார்தான். குழந்தைகள் பாறை மேல் உட்கார்ந்திருந்தார்கள். உரிமையாளர் கையில் தண்ணீர்க் குடம்.

"ஊற்றாதீர்கள், ஐயா!" என்று சித்தப்பா கார் நிற்பதற்கு முன்பே கத்தினார். பழுக்கக் காய்ந்த பிரேக் தட்டில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் தட்டு கோணலாம், விரிசல் விடலாம். சக்கரத்துக்குக் கல்லை அண்டைகொடுத்துவிட்டு, தானாக ஆறவிடச் சொன்னார். முக்கால் மணி நேரம் அவர்களோடு காத்திருந்தோம். மேலிருந்து டி நிலையிலேயே, பிரேக்கில் காலை வைத்தபடியே வந்திருக்கிறார். அழகுக்கு இருக்கிறது என்று சொன்ன துடுப்பை இழுத்தால் என்ன ஆகும் என்று நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து காட்டினேன். கியர் பொய்தான், ஆனால் கப்பிகள் நகர்ந்து விகிதம் மாறுவதும், இன்ஜின் சுற்று ஏறி காரை இழுத்துப் பிடிப்பதும் மெய். பிறகு எங்களுக்கு முன்னால் அவர் இறங்கினார். பிரேக் விளக்கு வளைவுகளில் மட்டுமே எரிந்து அணைந்தது.

துடுப்பை மிகையாகப் புகழ்கிறேனோ என்ற சந்தேகம் எனக்கே வருகிறது. நேர்மையாகச் சொன்னால், இன்று நான் செய்த அனைத்தையும் கியர் கம்பியை எம் பக்கம் தள்ளி, முன்னும் பின்னும் தட்டியே செய்திருக்கலாம். குறைந்த கியரிலேயே நிறுத்தி வைக்க எல் என்றோ 2 என்றோ எழுத்துள்ள பழைய கம்பியும் போதும். கூடுதலாகத் துடுப்பு தந்தது, வளைந்து வளைந்து போகும் சாலையில் இரண்டு கைகளையும் சக்கரத்திலேயே வைத்திருக்கும் வசதி. அது சிறிய விஷயம் அன்று, பெரிய விஷயமும் அன்று. ஆனால் இப்போது சில கார்களில் கம்பியே இல்லை. பி, ஆர், என், டி என்று பொத்தான்களோ ஒரு திருகோ மட்டும். அங்கே இறக்கத்தில் கியரைப் பிடிக்கத் துடுப்பைத் தவிர வேறு வழி இல்லை என்றால், அதை அலங்காரம் என்று சொல்லமாட்டேன்.

பாதி வழியில் மழை பிடித்தது. வழுக்கும் சாலையில் இரண்டாவது கியருக்குச் சட்டென்று இறக்கியபோது முன் சக்கரங்கள் ஒரு கணம் பிடி இழந்ததை உணர்ந்தேன். இன்ஜின் பிடிப்பும் ஒருவகை பிரேக்தான். இயங்கு சக்கரங்களில் மட்டும் விழும் பிரேக். அதன் பிறகு வேகத்தை முதலில் பிரேக்கால் தணித்து, பிறகே கியரை இறக்கினேன். ஒருமுறை பதற்றத்தில் முதல் கியர் கேட்டேன். கணினி ஒரு சின்ன ஒலியோடு மனுவைத் தள்ளுபடி செய்தது. அதற்கு நன்றி.

அடிவாரத்தில் மின்கார் இளைஞரைப் பார்த்தோம். முகம் வாடியிருந்தது. நேற்று நெருடியது இதுதான்: நிறைந்த பேட்டரி மேலும் மின்சாரத்தை வாங்கிக்கொள்ளாது. அதனால் மேலே துடுப்பை எந்த அளவில் வைத்தாலும் மோட்டார் பிடிக்கவில்லையாம். சாதாரண பிரேக்கையே நம்பி இறங்கியிருக்கிறார். "நிறைந்த குடத்தில் மேலும் எப்படித் தம்பி ஊற்றுவது?" என்றார் சித்தப்பா. அடுத்த முறை எண்பதோடு நிறுத்திவிட்டுப் புறப்படுவேன் என்று அந்த இளைஞர் சொன்னார்.

இன்றைய கணக்கு 41.

நாள் 5: திரும்புதல்

சுருக்கமாக முடித்துவிடுகிறேன். பகல் முழுவதும் நெரிசல். நின்று, நகர்ந்து, நின்று. இந்த இடத்தில் ஆட்டோமேட்டிக் காரைக் கண்டுபிடித்தவருக்குக் கோவில் கட்டலாம். துடுப்பைக் கண்டுபிடித்தவருக்கு ஒரு செங்கல்கூட வைக்கத் தேவையில்லை. நான் தொட்டது பூஜ்யம். ஐந்து நாட்களின் மொத்தம் 90.

அடுத்த காருக்கு இதற்காக ஒரு ரகம் மேலே போவேனா? மலைச் சாலை இல்லாத வாழ்க்கை என்றால் போகமாட்டேன். அந்தப் பணத்தை நல்ல டயருக்குச் செலவழிப்பேன். மாதம் ஒருமுறையாவது மலை ஏறி இறங்குகிறவராக இருந்தால், முதலில் கம்பியில் எம் நிலை இருக்கிறதா என்று பார்ப்பேன். இருந்தால் துடுப்பு இல்லாவிட்டாலும் தூங்குவேன். எம் நிலை இல்லாமல், எல் நிலையும் இல்லாமல் இருந்தால், துடுப்புக்குப் பணம் கொடுப்பேன், வாய் பேசாமல்.

நெரிசல் முடிந்து இருவழிச் சாலை வந்ததும் சித்தப்பா ஓட்டட்டுமா என்று கேட்டார். நான்கு நாளாகக் கேட்காமல் அடக்கி வைத்திருந்த ஆசை. இடம் மாறினோம். முதல் பத்து நிமிடம் அவருடைய கை தானாகவே கியர் கம்பியைத் தேடிப் போவதும், இடது கால், இல்லாத கிளட்சை மிதிப்பதுமாக இருந்தது. ஒருமுறை அகலமான பிரேக் மிதியில் அந்தக் கால் பட்டு, இருவரும் முன்னால் போய் வந்தோம். பிறகு இடது காலைப் பின்னுக்கு மடக்கி வைத்துக்கொண்டார்.

முன்னால் சுமை ஏற்றிய லாரி ஒன்று. அவர் அவசரப்படவில்லை. பின்னால் அளவான தூரத்தில் போய்க்கொண்டே இடது துடுப்பைத் தட்டினார். ஒரு கணம் காது கொடுத்துக் கேட்டார். இன்னொரு தட்டு. இன்ஜின் நிமிர்ந்து உட்கார்ந்தது. சாலை வெறிச்சோடியதும் தாண்டினோம். லாரி ஓட்டுநருக்கு வழக்கப்படி ஒரு சிறு ஹார்ன்.

வீட்டு வாசலில் அவர் இறங்கும்போது நோட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். மலையேற்றத்தில் மறைத்து எழுதியது என்னவென்று தெரிய வேண்டுமே. அவரும் என் கணக்கையே வைத்திருக்கிறார், ஒவ்வொரு நாளும். ஆனால் மொத்தம் 90 இல்லை, 61.

"29 குறைகிறதே, சித்தப்பா?"

"முதல் நாள் விளையாடியது 26. வளைவில் தப்பாக இழுத்தது மூன்று. அதையெல்லாம் கணக்கில் எழுதுவார்களா?"

அதற்குக் கீழே தனி வரியில், புதிய மையில்: "நான் – 2. இரண்டும் சரி."